இந்த அட்டையையும் திருப்பிக் கொடுக்கணுமா, தம்பி?

2020 செப்டம்பரில் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியைப் போட்டேன். மத்திய அரசு விவசாயிகள் கணக்கில் தவணையாகப் பணம் போடும் பி.எம். கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் தகுதி இல்லாத சுமார் 5.5 லட்சம் பேரைச் சேர்த்திருக்கிறார்கள், ₹110 கோடி முறைகேடாகப் போயிருக்கிறது என்று அப்போது வேளாண் துறைச் செயலாளராக இருந்த ககன்தீப் சிங் பேடி அறிவித்திருந்தார். 80 பேர் பணிநீக்கம், 34 பேர் சஸ்பெண்ட், 18 பேர் கைது. பட்டியலில் முதலில் அடிபட்ட மாவட்டங்களில் எங்கள் கள்ளக்குறிச்சியும் ஒன்று. செய்திக்கு மேலே நானாக ஒரு வரி எழுதினேன்: "உண்மையான விவசாயிக்குப் போக வேண்டிய காசைத் தின்ற போலிகளை ஒருத்தர் விடாமல் உள்ளே தள்ள வேண்டும்." சித்தப்பா உடனே கைதட்டல் போட்டார். அத்தை மகன் "சரியா சொன்னீங்க மாமா" என்றான். அந்த வரியை நான் எழுதியது ஒரு செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன். அந்த வாரம் முடிவதற்குள் அதை அழிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆனால் வாட்ஸ்அப்பில் அழிக்கும் நேரம் தாண்டியிருந்தது. இன்னமும் அது அங்கேதான் கிடக்கிறது. இத்தனை வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

ஊரடங்குக்கு முந்தைய வாரம் நான் சென்னையிலிருந்து ஊருக்கு வந்துவிட்டேன். கம்பெனி லேப்டாப்பைத் திண்ணையில் வைத்துக்கொண்டு வேலை. அந்த வருடம் ஊர் எப்படி இருந்தது என்று நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டை மூடியதும் அங்கே மூட்டை தூக்கப் போனவர்கள், காய்கறி வண்டியில் போனவர்கள் எல்லோரும் ஊர் திரும்பினார்கள். விழுப்புரம், கடலூர், அரியலூர் பக்கமெல்லாம் கொரோனா எண்ணிக்கை ஒரே வாரத்தில் ஏறியது. எங்கள் ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தார்கள். விவசாய வேலைக்கு ஊரடங்கில் விலக்கு உண்டு என்று மார்ச் கடைசியிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் விலக்கு இருந்தால் மட்டும் போதுமா, விளைந்ததை எடுத்துப்போக லாரி வர வேண்டுமே. கத்திரிக்காயைப் பறிக்கிற கூலிக்கும் கட்டாது என்று செடியிலேயே விட்டவர்கள் இருந்தார்கள். நூறு நாள் வேலையும் கொஞ்ச காலம் நின்றது. கூலிக்குப் போகிற வீடுகளில் ரேஷன் அரிசியும் கார்டுக்குக் கொடுத்த ₹1,000-மும்தான் அந்த ஏப்ரலை ஓட்டியது.

அந்த ஏப்ரலில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பணம் வந்தது. மார்ச் 26 அன்று நிர்மலா சீதாராமன் அறிவித்த ₹1.70 லட்சம் கோடி நிவாரணத் தொகுப்பில், பி.எம். கிசான் தவணை ₹2,000-ஐ ஏப்ரலிலேயே முன்கூட்டிப் போடுவோம் என்று ஒரு பகுதி இருந்தது. நாடு முழுக்க 8.7 கோடி விவசாயிகளுக்கு. அதில் அப்பாவும் ஒருவர். அவர் கணக்கோடு சேர்த்திருப்பது என் போன் நம்பர் என்பதால் எஸ்.எம்.எஸ். எனக்குத்தான் வந்தது. "அப்பா, கொரோனா பணம் வந்துடுச்சு" என்றேன். "ம்" என்றார். கடைக்குச் சரக்கு போட உதவும் என்பதற்கு மேல் அவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

அப்பாவுக்கு ஊரில் சின்ன மளிகைக் கடை. தாத்தா வழியில் வந்த கழனி 2 ஏக்கர் 30 சென்ட். பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. ஆனால் அப்பா ஏர் பிடித்து நான் பார்த்ததில்லை. நான் பத்தாவது படிக்கும்போதே நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. பயிர் வைப்பவர் நான் மாமா என்று கூப்பிடுகிற ஒருவர். நாற்று பறிப்பது, நடுவது, களை எடுப்பது எல்லாம் காலனியிலிருந்து வரும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். அவர்களைக் கூட்டிவருகிறவரை நான் அக்கா என்றுதான் சொல்வேன். எந்தக் கழனியில் எத்தனை பேர் வேண்டும், எத்தனை முடி நாற்று பிடிக்கும் என்பது அவருக்கு மனக்கணக்கு. எங்கள் நிலத்தின் கிழக்கு மூலையில் உவர் ஏறிக் கிடப்பதும், அங்கே நாற்றை நெருக்கி நட வேண்டும் என்பதும் அப்பாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

ஒரே மாதிரி இரண்டு பாஸ்புக்

நான் அந்த வரியை எழுதிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அக்கா காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முந்தானையை வாயோடு சேர்த்துச் சுற்றியிருந்தார். "உக்காருங்கக்கா" என்றேன். உட்காரவில்லை. இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து பாஸ்புக்கை எடுத்து நீட்டினார். கைரேகை வைக்கிற மிஷினில் பணம் வரவில்லை, கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பையன் சொல்கிறான், என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல் என்றார்.

பாஸ்புக்கைப் பிரித்துப் பார்த்தேன். ஆகஸ்டில் இரண்டு வரவு, இரண்டும் ₹2,000. அதற்கு நேராகப் பி.எம். கிசான் என்று சுருக்கெழுத்தில் அச்சாகியிருந்தது. முதல் நாள்தான் நான் அப்பாவின் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கி வந்திருந்தேன். அது உள்ளே மேஜைமேல் கிடந்தது. எதற்கென்று தெரியாமலே அதையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே எழுத்து, அதே சுருக்கம், அதே ₹2,000. தேதியும் கணக்கு எண்ணும்தான் வேறு. ஒன்று விவசாயிக்குப் போன பணம், இன்னொன்று போலிக்குப் போன பணம் என்று அந்தத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அக்காவின் பாஸ்புக்கில் ஓரமெல்லாம் தண்ணீர் பட்டு உப்பியிருந்தது. ஒரு பக்கத்தில் சேற்றுக் கை பட்ட தடம் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது. அப்பாவுடையது புதிதாக இருந்தது.

எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன். ஜூலையில் பக்கத்து ஊர் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து ஒரு ஆள் காலனிக்கு வந்திருக்கிறான். கொரோனாவுக்கு மோடி பணம் போடுகிறார், ஆதாரும் பாஸ்புக் ஜெராக்ஸும் கொடுத்தால் எழுதிவிடலாம் என்று சொல்லியிருக்கிறான். எழுத ₹500, பணம் ஏறியதும் இன்னொரு ₹500. தெருவில் முக்கால்வாசி வீடு கொடுத்திருக்கிறது. நிலம் இருக்கிறதா என்று அவன் கேட்கவே இல்லை. இவர்களும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு? ஏப்ரலில் ரேஷன் கார்டுக்கு ₹1,000 வந்தது, ஜன்தன் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு மூன்று மாதம் ₹500 வந்தது. அதற்கெல்லாம் யாரும் பட்டா கேட்கவில்லை. இதுவும் அந்த மாதிரி ஒரு கொரோனா பணம் என்று நினைத்திருக்கிறார்கள். அப்படி நினைத்ததில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஏப்ரல் தவணையை அரசாங்கமே கொரோனா நிவாரணத்தில்தான் சேர்த்து அறிவித்தது. நானும் அப்பாவிடம் அப்படித்தானே சொன்னேன்.

முறைகேடு நடந்த விதம் பிறகு பத்திரிகைகளில் விவரமாக வந்தது. விவசாயி தானே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒரு வழியைத் திறந்துவிட்டிருந்தார்கள். அப்படி வரும் விண்ணப்பத்தை நில ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டியது அதிகாரிகளின் வேலை. அவர்களுடைய பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வெளி ஆட்கள் கைக்குப் போய்விட்டன. அப்புறம் என்ன, எழுதுகிறவனே ஒப்புதலும் கொடுத்துக்கொண்டான். அதாவது திருட்டு நடந்தது பாஸ்வேர்டு இருந்த இடத்தில். அக்காவிடம் இருந்தது ஒரு ஆதார் ஜெராக்ஸ்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். இது நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கான பணம், உங்கள் பெயரில் நிலம் இல்லை, அதனால் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ₹4,000-ஐத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்றேன். மைக் கட்டிய ஆட்டோ ஏற்கெனவே தெருவில் வந்து அறிவித்துப் போயிருந்தது, திருப்பிக் கட்டாவிட்டால் கேஸ் வரும் என்று. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, "அப்ப நான் வெவசாயி இல்லையா தம்பி?" என்றார்.

சண்டைக்குக் கேட்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. கணக்கில் ஏதோ விட்டுப்போன மாதிரி, அதைச் சரிபார்த்துக்கொள்கிற குரல். நான் "திட்டத்துல அப்படித்தான்கா போட்டிருக்கு" என்று என்னவோ சொன்னேன். அவர் மறுபடி கவருக்குள் கைவிட்டு இன்னொரு அட்டையை எடுத்தார். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை. பத்திரமாக லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். மகள் கல்யாணத்துக்கு உதவித்தொகை வாங்கியது அந்த அட்டையை வைத்துத்தான். அதை என் முன்னால் பிடித்துக்கொண்டு, "இதுலயும் உழவர்னுதான் போட்டிருக்காங்க. இந்த அட்டையையும் திருப்பிக் கொடுக்கணுமா, தம்பி?" என்று கேட்டார்.

பட்டா யார் பெயரில்

உழவர் பாதுகாப்புத் திட்டம் தமிழ்நாட்டில் சிறு குறு விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் சேர்த்தே இருப்பது. நிலம் இல்லாமல் கூலிக்கு நடவு நடுகிறவரையும் அது உழவர் என்று எழுதி, முத்திரை குத்தி, கையில் கொடுக்கிறது. அதுமட்டுமல்ல. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையத்தின் அறிக்கைகளுக்குப் பிறகு மத்திய அரசு 2007-இல் கொண்டுவந்த தேசிய விவசாயிகள் கொள்கையில், விவசாயி என்றால் யார் என்று விளக்கம் இருக்கிறது. நிலத்தில் பயிர் செய்பவர், குத்தகைதாரர், விளைச்சலில் பங்கு பிரிக்கும் வாரத்துக்குப் பயிர் வைப்பவர், விவசாயக் கூலி, ஆடு மாடு கோழி வளர்ப்பவர், மீனவர், தேனீ வளர்ப்பவர் வரை எல்லோரும் அதில் அடக்கம். அதாவது அரசாங்கத்தின் கொள்கைப்படி அக்கா விவசாயி. 12 வருடம் கழித்து வந்த பி.எம். கிசானில்தான் அந்த வாசல் சுருங்கிப்போனது. 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அவர் குடும்பம்தான் கணக்கு. முதலில் 5 ஏக்கருக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். அந்த வருடமே ஜூனில் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். 50 ஏக்கர் வைத்திருப்பவரும், வருமான வரி கட்டாமல், அரசு வேலையில் இல்லாமல் இருந்தால் உள்ளே வரலாம். நிலம் இல்லாதவர் எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே வர முடியாது.

வாங்கினாலாவது வரலாமா என்று நான் விதிகளைத் தேடிப் படித்தேன். அந்தப் பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் வாங்கியவருக்கு 5 வருடம் கிடையாது. ஒரே விலக்கு, நிலம் வைத்திருந்தவர் இறந்து வாரிசுக்கு வருவது. அதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் வேறு எதுவும் செய்யவில்லை. அக்கா சீட்டுக் கட்டி, ஆடு வளர்த்து, எப்படியோ அரை ஏக்கர் வாங்கி அதில் தன் கையால் நட்டிருந்தாலும் அவருக்கு அந்தப் பணம் வராது. கழனிப் பக்கமே போகாத ஒருவருக்கு, தகப்பனார் இறந்தால், வரும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம், விவசாயத் தொழிலாளர்கள் சுமார் 96 லட்சம். இருவரில் யார் அதிகம் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாம் மேடையில் விவசாயி என்று சொல்லும்போது, உழவர் திருநாளுக்கு வாழ்த்து அனுப்பும்போது, அந்த 96 லட்சம் பேரை மனதில் வைத்துத்தான் சொல்கிறோமா? நான் வைக்கவில்லை. என் மனதில் இருந்தது ஏர் பிடிக்கும் ஒரு ஆண், தலையில் முண்டாசு, அவனுக்கு ஒரு துண்டு நிலம். குனிந்து நடுகிற பெண்கள் அந்தப் படத்தில் பின்னால் எங்கேயோ பச்சைக்கு நடுவே வண்ணப் புள்ளிகளாக இருந்தார்கள். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், ஏன் அந்தத் தெருவில் பட்டா இல்லை என்பதையெல்லாம் நான் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் எங்கள் தெருவில் யாருக்கும் வந்ததில்லை.

வேறு மாதிரி செய்ய முடியாதா என்றால், செய்தவர்கள் இருக்கிறார்கள். ஒடிசாவில் 2018 கடைசியில் அறிவித்த காலியா திட்டத்தில் நிலமற்ற விவசாயக் குடும்பங்களுக்கு ₹12,500 என்று தனியாகவே வைத்தார்கள், ஆடு, கோழி, காளான் என்று ஏதாவது ஒரு தொழில் செய்துகொள்ள. ஆந்திராவில் 2019-இல் வந்த ரைத்து பரோசாவில், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகை விவசாயிகளையும் சேர்த்தார்கள். அங்கே எல்லாம் குறை இல்லாமல் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நிலம் இல்லாதவரையும் விவசாயி என்று விண்ணப்பத்தில் எழுத முடியும் என்பதற்கு அவை சாட்சி.

குத்தகை என்றதும் மாமாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவருக்கும் அந்த ₹2,000 கிடையாது. எங்கள் நிலத்தில் இத்தனை வருடமாகப் பயிர் வைப்பவர் அவர்தான் என்பதற்கு ஒரு காகிதமும் கிடையாது. வாய்ப்பேச்சுக் குத்தகை. 1969-லிருந்தே தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்யச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்துவிட்டால் நிலம் கையைவிட்டுப் போய்விடுமோ என்று நிலக்காரர்கள் பயப்படுகிறார்கள். அப்பாவும் பயப்படுகிறார். அன்று இரவு சாப்பிடும்போது நான் மெதுவாக ஆரம்பித்தேன். "ஏம்ப்பா, மாமாவுக்குக் குத்தகைய எழுதிக் கொடுத்தா என்ன? வெள்ளம், வறட்சின்னா நிவாரணம் அவர் பேர்ல வரும், பயிர்க் காப்பீடு அவரே கட்டலாம்." அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "எழுதிட்டு நாளைக்கு நீ கோர்ட்டுக்கு அலையப் போறியா?" என்றார். "அப்ப அந்த ரெண்டாயிரம்?" என்றேன். "சட்டப்படி வருது. நானா கேட்டு வாங்கறேன்?" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அப்பா நியாயமான மனிதர். கடையில் எடை குறைத்து ஒரு நாளும் போட்டதில்லை. எனக்குத் தொல்லையே அதுதான். யாரும் பொய் சொல்லாமல், யாரும் எடை குறைக்காமல், அந்த இரண்டு பாஸ்புக்கும் அப்படி ஆகியிருந்தது.

பதினேழு நாள் கூலி

அக்காவிடம் ₹4,000 இல்லை. வந்ததில் ₹1,000 சென்டர்காரனுக்குப் போயிற்று. மீதி ₹3,000-இல் குழுக் கடன் தவணை இரண்டு கட்டியிருந்தார். பேரனுக்குப் போனில் பாடம் நடத்துகிறார்கள் என்று ரீசார்ஜ் போட்டிருந்தார். கடனுக்குத் தவணை கட்ட அவகாசம் இருக்கிறது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்த மாதங்கள் அவை. ஆனால் வாசலில் வந்து நிற்கும் ஆளிடம் அதைச் சொல்லி அனுப்பவா முடியும். நான் கட்டிவிடுகிறேன் என்றேன். "வேணாம் தம்பி, நூறு நாள் வேல காசு வரும், அதுல புடிச்சிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். கொஞ்சம் வற்புறுத்தினேன். முகம் மாறியதைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அப்படியே நடந்தது. நவம்பர் கடைசியில் அவருக்காக பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கி வந்தேன். கணக்கு நிறுத்தப்பட்டபோது அதில் இருந்தது ₹212. அப்புறம் நூறு நாள் வேலைக் கூலி மூன்று தடவை ஏறியிருந்தது: ₹1,380, ₹1,150, ₹1,380. ஒரு நாளைக்கு ₹230 வீதம் பதினேழு நாள். அதற்குக் கீழே ₹4,000 பற்று. மீதி ₹122. அந்தப் பக்கத்தை நான் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அவர் பெயரும் கணக்கு எண்ணும் தெரியும் என்பதால் அதை இங்கே போட முடியாது.

அந்தப் பதினேழு நாளும் அவர்கள் ஏரிக்குப் போகிற வாய்க்காலைத் தூர்வாரினார்கள். நான் ஒரு நாள் பார்த்தேன். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஆறடி தள்ளி நின்று, கரையில் நிற்பவரிடம் மண் சட்டியைக் கை மாற்றினார்கள். சட்டியை வாங்குகிற இடத்தில் அந்த ஆறடி காணாமல் போய்விடும். அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து, ஏரிக்குத் தண்ணீர் தடையில்லாமல் வந்தது. அந்த ஏரித் தண்ணீர்தான் எங்கள் கழனிக்கும் பாய்கிறது.

வாங்கியது ₹3,000, கட்டியது ₹4,000. கணக்கைப் பார்த்தால் அந்தக் கொரோனா வருடத்தில் அக்கா ₹1,000 இழந்திருக்கிறார். அந்த ₹1,000 வாங்கியவன் கம்ப்யூட்டர் சென்டரைக் கொஞ்ச நாள் மூடி வைத்திருந்து, அப்புறம் வேறு பெயரில் திறந்துவிட்டான். அவனைத் தெரியாத ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. போலீஸ் விசாரித்ததாகச் சொன்னார்கள். 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் மத்திய வேளாண் அமைச்சர் சொன்ன கணக்கு, நாடு முழுக்கத் தகுதியில்லாத 42 லட்சம் பேருக்குப் போன ₹2,992 கோடியைத் திரும்ப வசூலிக்க வேண்டும் என்பது. தமிழ்நாட்டுப் பங்கு ₹340 கோடி. அந்த 42 லட்சத்தில் வருமான வரி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தான் தகுதியில்லாதவன் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும், வேண்டுமானால் நோட்டீஸ் வந்தபின் கட்டிக்கொள்ளலாம். அவர்களையும், தெருவுக்கு வந்தவனிடம் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்த ஒரு நடவுப் பெண்ணையும் ஒரே சொல்லால் எப்படிக் கூப்பிட முடியும்? நான் கூப்பிட்டேன். போலி என்று எழுதினேன்.

அரசாங்கம் முறைகேட்டைக் கண்டுபிடித்தது சரி, பணத்தைத் திரும்ப எடுத்ததும் சரி என்று என்னிடம் வாதாட வருகிறவர்கள் உண்டு. விதி இருக்கும்வரை விதிப்படி நடக்கத்தானே வேண்டும் என்கிறார்கள். நடக்கட்டும். ஆனால் அக்கா கட்டிய ₹1,000 புரோக்கர் காசை அவனிடம் வாங்கி அவரிடம் கொடுத்திருக்க வேண்டும். நூறு நாள் வேலைக் கூலியில் கை வைத்திருக்கக் கூடாது. கேஸ் வரும் என்று மைக் கட்டித் தெருவைப் பயமுறுத்தியிருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், நிவாரணம் என்று சொல்லிக் கொடுக்கிற பணத்துக்குப் பட்டாவை அளவுகோலாக வைத்திருக்கக் கூடாது. அந்த ஏப்ரலில் வேலை இல்லாமல் போனது பட்டாவுக்கு இல்லை, கைக்கு.

அப்புறம்

உழவர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், அது உங்களுடையது என்று அன்றைக்கே சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அதை வைத்து இனிமேல் எதுவும் கேட்கப் போவதில்லை என்று மட்டும் சொன்னார்.

2023 ஜூலையில் மகளிர் உரிமைத் தொகைக்கு முகாம் போட்டார்கள். ஊரே வரிசையில் நின்றது. அக்கா போகவில்லை. நான் ஊருக்குப் போயிருந்த சமயம், அவருடைய மருமகள் என்னிடம் வந்து, "நீங்க சொன்னா கேப்பாங்க மாமா" என்றாள். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். நிலத்தைப் பற்றி அதிலும் ஒரு கேள்வி இருந்தது. நஞ்சை 5 ஏக்கர், புஞ்சை 10 ஏக்கருக்கு மேல் இருந்தால்தான் கிடையாது. "இதுல நெலம் இல்லைன்னா நல்லதுக்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்புறமா திருப்பிக் கேக்க மாட்டாங்களே?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் மாட்டார்கள் என்று சொன்னேன். கையெழுத்துப் போட்டார். சீட்டுக்குழுவில் கற்றுக்கொண்ட கையெழுத்து, கடைசி எழுத்து எப்போதும் கோட்டுக்கு வெளியே போய்விடும்.

செப்டம்பர் 15-ஐ ஒட்டி முதல் ₹1,000 கணக்கில் ஏறியது. தை நடவுக்கு நான் ஊருக்குப் போனபோது பாஸ்புக்கைக் கொடுத்தார். என்ட்ரி போட்டுப் பார்த்தால், வந்த தவணை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அப்படியே இருந்தன. ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. ஏன்க்கா எடுக்கலை என்று கேட்டேன்.

"இருக்கட்டும் தம்பி. கேட்டா குடுக்கணும்ல" என்று சொல்லிவிட்டு, நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.